எண்பத்தொன்று வரை

எங்கள் அப்பா கால்டர்பியில் தும்மினால் லண்டனில் என் தம்பி நாற்காலியை விட்டு எழுந்துவிடுவான். பத்து வருஷமாக இப்படித்தான். தினமும் காலையில் அவனிடமிருந்து ஒரு தந்தி வரும்: 'அப்பா எப்படி?' நான் பதில் அனுப்புவேன்: 'நலம்.' "அப்பன் மேல என்ன பாசம் பாரு" என்று ஊரே உருகியது. பாசமும் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு மனிதனைத் தினமும் தந்தி ஆபீசுக்கு ஓட வைப்பது பாசமில்லை, பயம்.

தம்பியின் பெயர் எவரார்ட். ஊருக்கு அவன் ஈடன்பி பிரபு. அந்தப் 'பிரபு' வெறும் பேச்சுக்குத்தான். மார்ல்ஷம் பிரபுவின் ஒரே மகன் என்பதற்காக மரியாதைக்குக் கூப்பிடுவது. அப்பா உயிரோடு இருக்கும்வரை சட்டத்தின் கண்ணுக்கு அவன் சாதாரணக் குடிமகன். தேர்தலில் நிற்கலாம், மக்கள் சபையில் உட்காரலாம், மந்திரியாகலாம். அப்பாவின் மூச்சு நின்ற நொடியில் அவன் நிஜமான பிரபு. அப்போது அவன் மக்கள் சபையில் பேசிக்கொண்டிருந்தால்கூடப் பாதி வாக்கியத்தில் இடம் போய்விடும். எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கவும் வழி கிடையாது. அதற்குப் பிறகு மேல்சபையான பிரபுக்கள் சபையின் சிவப்புப் பெஞ்சுகளில் கிழவர்களோடு கிழவனாக உட்கார்ந்து கொட்டாவி விடவேண்டியதுதான்.

நான் செலினா, அவனுக்கு மூன்று வயது மூத்தவள். எனக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. பெண்ணாய்ப் பிறந்தவளுக்கு மேல்சபையும் கிடையாது, கீழ்சபையும் கிடையாது. அப்பாவின் கஞ்சிக் கிண்ணம்தான் என் தொகுதி.

அப்பாவுக்கு இந்தச் சங்கதி நன்றாகத் தெரியும். பட்டவர் அவர். முப்பத்திரண்டு வயதில் அவருக்கு மக்கள் சபையிலிருந்து பார்க்க வேண்டிய ஒரு மந்திரி பதவி தருவதாக ஒரு நாள் காலையில் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அன்று மத்தியானம் எங்கள் தாத்தா நரி வேட்டையில் ஒரு வேலியைத் தாண்டப்போய்க் குதிரையோடு விழுந்தார். அவ்வளவுதான், கதை முடிந்தது. அப்பா ஏறக்குறைய ஐம்பது வருஷம் மேல்சபையில் உட்கார்ந்து தேய்ந்தார். "எங்கப்பன் அந்த வேலியைத் தாண்டல, என் வாழ்க்கையைத் தாண்டினான்" என்று சாப்பாட்டு மேஜையில் சொல்லுவார். தாத்தாவின் படத்தைக் கூடத்திலிருந்து கழற்றிக் குதிரை லாயத்துக்குப் போகும் வழியில் மாட்டியவர் அவர்.

அதனால் எவரார்ட் மக்கள் சபைக்குப் போன அன்றே அப்பா வேட்டைக் குதிரைகளை விற்றார். அப்புறம் மதுவை விட்டார். அப்புறம் பாலாடைக்கட்டி, அப்புறம் மாடிப்படி. சாகாமல் இருப்பதையே ஒரு தொழிலாக எடுத்துக்கொண்டார்; வாழ்க்கையில் அவர் ஒழுங்காகச் செய்த ஒரே தொழிலும் அதுதான். ஓட்ஸ் கஞ்சியைக் குடித்துக்கொண்டு எண்பத்தொரு வயதுக்கு வந்து சேர்ந்தார். கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் கொடுக்கும்போதெல்லாம் முகத்தைச் சுளித்து, "லிபரல் கட்சிக்காக" என்று சொல்லிவிட்டுத்தான் வாயில் வைப்பார்.

தம்பி அப்படியொன்றும் பேச்சுப் புலியில்லை. மக்கள் சபையில் முதல் பேச்சைப் பேசி முடித்து உட்கார்ந்தான், தன் தொப்பியின் மேலேயே. நசுங்கிய தொப்பியை அவன் கையில் எடுத்துப் பார்த்த பார்வையைச் சொல்லிச் சொல்லி லண்டன் ஒரு வாரம் சிரித்தது. ஆனால் அவனுக்குப் பிடிவாதம் உண்டு. ஊர்ச் சாக்கடை, சிறைச்சாலைச் சாப்பாடு, ரொட்டியில் கலக்கும் சுண்ணாம்பு என்று யாரும் தொடாத குழுக்களில் எல்லாம் உட்கார்ந்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, மக்கள் சபையைக் கட்டிக்கொண்டான் என்று நான் கேலி செய்வேன். அவனுக்கு உள்ளே எரிந்துகொண்டிருந்தது ஒரே விஷயம். அது ரகசிய வாக்கு.

அப்போதெல்லாம் வாக்கு என்றால் ஊர் நடுவில் மேடையேறி, எல்லோர் காதிலும் விழ உரக்கச் சொல்ல வேண்டும். யார் யாருக்குப் போட்டார்கள் என்று மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். எவரார்ட்டுக்குப் பதினைந்து வயதில் எங்கள் குத்தகைக் குடியானவன் ஒருவன் நீலக் கட்சிக்கு, அதாவது லிபரலுக்கு எதிரான டோரிக்கு, வாக்குச் சொன்னான். அறுப்பு முடிந்ததும் அப்பா அவனைக் குடும்பத்தோடு வெளியேற்றினார். ஆமாம், எங்கள் அப்பாதான்; லிபரல் என்றால் யோக்கியன் என்று அர்த்தமில்லை. அவன் பெண்டாட்டி வண்டியில் சுவர்க் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு போனாள். அதை எவரார்ட் வாசலில் நின்று பார்த்தான். அன்றிலிருந்துதான் அவன் அரசியல்வாதி.

"ஒளிஞ்சு ஓட்டுப் போடறது ஆம்பளைக்கு அழகாடா?" என்பார் அப்பா.

"பயந்து ஓட்டுப் போடறது அழகாப்பா?" என்பான் இவன்.

"என் சாப்பாட்டைத் தின்னுட்டு என்னையே திட்டறான் பாரு" என்று அப்பா என்னிடம் திரும்பிச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை மறைக்க அவருக்குத் தெரியாது.

அப்பாவுக்கு எண்பத்தொன்று நடந்த வருஷம் மார்கழிக் குளிரில் ஆட்சி மாறியது. லிபரல்கள் வந்தார்கள். நாற்பத்துநாலு வயதில் எவரார்ட்டுக்கு உள்துறை கிடைத்தது. ரகசிய வாக்குச் சட்டத்தை மக்கள் சபையில் அவனே கொண்டுவரலாம் என்றார் பிரதமர். அந்தச் சந்தோஷத்தை அனுபவிக்க எங்களுக்கு ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. அதே வாரம் அப்பாவுக்குச் சளி பிடித்தது.

நான் 'நலம்' என்று அனுப்பவில்லை. 'லேசான சளி' என்று அனுப்பினேன். மறுநாள் மத்தியானமே தம்பி வந்து இறங்கிவிட்டான், கூடவே டாக்டர் ஸ்க்ரோப் என்று லண்டனின் பெரிய நெஞ்சு வைத்தியர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு. வண்டியிலிருந்து இறங்கும்போதே முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"இருக்காரா?"

"இருக்காரு. கஞ்சி உப்பில்லைன்னு சண்டை போடறாரு."

"சத்தியமா?"

"போய்ப் பாருடா. உன் மந்திரி பதவி தலையணையில சாஞ்சு உட்கார்ந்திருக்கு."

அவன் சிரிக்கவில்லை. படியேறிக்கொண்டே மெல்லச் சொன்னான்: "அக்கா, எனக்கே வெட்கமா இருக்கு. அவர் இருமினா, அவருக்கு வலிக்குமேன்னு தோணறதுக்கு முன்னாடி சட்டம் போச்சேன்னு தோணுது. நான் என்ன ஜென்மம்?"

அவன் தோளைத் தட்டினேன்.

வந்தவன் உடனே திரும்பவும் முடியாது. எங்கள் நாட்டில் மந்திரி ஆகிறவன் முதலில் சபை இடத்தை விட்டுவிட்டு, மறுபடி தன் ஊருக்கு வந்து நின்று ஜெயிக்க வேண்டும். அரசாங்கச் சம்பளம் வாங்கப்போகிறவனை ஊர் இன்னும் ஒப்புக்கொள்கிறதா என்று பார்க்கும் பழைய ஏற்பாடு. சாதாரணமாக எதிர்த்து யாரும் நிற்க மாட்டார்கள். இந்த முறை நின்றார்கள். அவன் சட்டம் வந்தால் குடியானவர்கள் கைநழுவிப் போவார்கள் என்று பண்ணையார்களுக்குத் தெரியாதா? கர்னல் டிராஸ்க் என்ற ஒருவரை நீலக் கட்சி நிறுத்தியது. கழுத்தில்லாத மனிதர், நல்ல குரல்.

ஒரு வாரம் வீடு முழுக்கப் பயம் நடமாடியது. அப்பாவின் அறையில் ஜன்னலுக்குத் துணி அடைத்தார்கள். கணப்பில் இரவும் பகலும் நெருப்பு. அப்பாவின் கையாள் காட்ச் முதல் சமையல்காரி வரை எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தோம். டாக்டர் மூன்று வேளையும் நாடி பார்த்தார். கதவுக்கு வெளியே எவரார்ட் நின்று அவர் முகத்தைப் பார்ப்பான். மாடியில் ஏதாவது 'டொப்' என்று விழுந்தால் போதும், கீழே பேசிக்கொண்டிருப்பவன் எழுந்து நின்றுவிடுவான். எனக்கும் அப்படித்தான். கரண்டி விழுந்தால்கூட மாடிக்கு ஓடுவேன். பயம் என்பது ஜலதோஷம் மாதிரி, வீட்டில் ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும் வரும்.

அப்பா ஒருவர்தான் கலங்காமல் இருந்தார். "என்னடா எல்லாரும் பூனை மாதிரி நடக்கறீங்க? நான் எங்கேயும் போகல. எங்கப்பன் பண்ணின வேலையை நான் உனக்குப் பண்ண மாட்டேன். போய் ஓட்டுக் கேளு போ."

வேட்புமனு நாள் வந்தது. கால்டர்பிச் சந்தைத் திடலில், நகர மண்டபத்தை ஒட்டிப் பலகை மேடை கட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் எங்கள் மஞ்சள் துணி, மறு பக்கம் நீலம். மேலே கூரை கிடையாது. வேட்பாளர் அதில் நின்று, வாக்கு உள்ளவன் இல்லாதவன் எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டும். எல்லோரும் எறிவதையும் வாங்கிக்கொள்ள வேண்டும். அழுகின முட்டை, டர்னிப் கிழங்கு, செத்த பூனை. அன்று வானமும் தன் பங்குக்கு எறிந்தது. மழையும் பனியும் கலந்து ஊசியாய் இறங்கியது.

பெண்களுக்கு எதிரே இருந்த விடுதியின் மாடி ஜன்னல். காட்ச் கையில் அப்பாவை ஒப்படைத்துவிட்டு நான் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

மேடை ஏறும்போது எவரார்ட் தொப்பியைக் கழற்றினான். வாக்குக் கேட்கிறவன் தலையை மூடக்கூடாது; அது வழக்கம். பனி தலையில் விழுந்ததும் அவன் கை தானாகத் தொப்பியோடு மேலே போனது. எங்கள் கட்சி ஏஜெண்ட் பிளென்கின் பின்னாலிருந்து அவன் முழங்கையைப் பிடித்தான். பிளென்கின் சொன்னது ஜன்னல்வரை கேட்டது.

"ஐயா, தொடாதீங்க! அங்கே கர்னல் வழுக்கை நனைய நிக்கறாரு. உங்க தலை மட்டும் காய்ஞ்சிருந்தா ஜனங்க என்ன சொல்லும்?"

"குடை?"

"குடை பிடிச்சீங்கன்னா ஓட்டை மறந்துட்டு நேரா லண்டனுக்கே போயிடலாம்."

தொப்பி கைக்கே திரும்பிவிட்டது.

கூட்டத்தின் முன்வரிசையில் மீன்காரி ஹெப்ஸிபா. அவள் உரத்த தொண்டைக்காகவே நீலக் கட்சி அவளுக்கு ஜின் வாங்கிக் கொடுத்திருந்தது. "ஏ சின்ன பிரபு! உன் நாற்காலி உங்கப்பன் மூக்குல இல்ல தொங்குது! பெரிசா ஒரு தும்மல் போட்டாருன்னா நீ மேல்சபை மாடிக்குப் போயிடுவியே, அப்புறம் எங்களுக்கு யாரு?"

கூட்டம் ஹோவென்று சிரித்தது. எவரார்ட் குனிந்து அவளைப் பார்த்தான். "கவலைப்படாதே ஹெப்ஸிபா. உன் கூடையில இருக்கிற மீனைவிட எங்கப்பா உயிரோட இருக்காரு."

இந்த முறை சிரிப்பு இன்னும் பெரியது. ஹெப்ஸிபாவே சிரித்துவிட்டாள். தொப்பி மேல் உட்கார்ந்தவன் இவன்தானா என்று எனக்கு ஆச்சரியம்.

"ஒளிஞ்சு ஓட்டுப் போடச் சொல்றியே, நீ மட்டும் ஏன்யா ஊர் பார்க்க நிக்கறே?" என்றது ஒரு நீல ரிப்பன்.

"அடுத்த தடவை நிக்க மாட்டேன். சட்டம் வந்தா இந்த மேடையும் கிடையாது. நீங்க வீணா முட்டையை அழுக வைக்க வேண்டாம்."

"முட்டையையும் விட மாட்டியா!" என்று ஒருவன் கத்த, அந்த முட்டை வந்து இவன் காதில் உடைந்தது. அவன் துடைத்துக்கொள்ளவில்லை. பேசினான். வண்டியில் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு போனவளைப் பற்றி முதல் தடவையாக ஊர் முன்னால் பேசினான். அவளை வெளியேற்றியது யார் என்றும் சொன்னான். கூட்டம் மெல்ல அடங்கியது.

அப்போது மணி அடித்தது.

எங்கள் தோட்டச் சுவரை ஒட்டிய தேவாலயத்து மணி. எங்கள் ஊரில் சாவு மணிக்கு ஒரு கணக்கு உண்டு. இறந்தது ஆண் என்றால் ஒன்பது அடி, பெண் என்றால் ஆறு. கொஞ்சம் நிறுத்துவார்கள். பிறகு இறந்தவரின் வயது எத்தனையோ அத்தனை அடி. மணி தொடங்கினால் ஊர் வேலையை விட்டுவிட்டு எண்ணும்.

ஏழு, எட்டு, ஒன்பது. ஆண்.

எவரார்ட்டின் வாய் திறந்தபடியே நின்றது. திடலில் இருந்த அத்தனை முகங்களும் அவன் பக்கம் திரும்பின. வயது மணி தொடங்கியது. பத்து தாண்டியது, இருபது தாண்டியது, குழந்தையில்லை. முப்பது, நாற்பது. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் பனி விழும் சத்தம்கூடக் கேட்டது. கர்னல் டிராஸ்க் தலையைக் குனிந்துகொண்டார். ஹெப்ஸிபா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். காலையில் அவர் கஞ்சி குடித்தாரா? குடித்தார். முழுக்கவா? பாதி வைத்துவிட்டாரோ? ஐம்பது. அறுபது. காட்ச் தூங்கிவிட்டானோ? அறுபத்தைந்து. தம்பியின் உதடுகள் அசைந்தன. முட்டையின் மஞ்சள் கழுத்தில் வழிந்துகொண்டிருந்தது. உடம்பு அசையவில்லை, அவனைப் பார்த்தால் தூக்குமேடையில் நிற்பவன் மாதிரி இருந்தது. கடவுளே, நின்றுவிடு என்று நான் மணியிடம் கெஞ்சினேன்.

அறுபத்தெட்டு.

அடுத்த அடிக்குக் காத்திருந்தோம். அது வரவில்லை.

பின்வரிசையிலிருந்து யாரோ கத்தினான்: "சுங்கச்சாவடி ஜோப்பு! அவனுக்குத்தான் அறுபத்தெட்டு, படுத்த படுக்கையா கிடந்தான்!" உடனே திடல் வெடித்தது. மஞ்சளும் நீலமும் சேர்ந்து, "பெரிய பிரபு இருக்காருடோய்!" என்று தொப்பிகளை வீசினார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நான் சுவரில் சாய்ந்து அழுதேன். தம்பியின் தலையில் ஒன்றுமே இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அவன் கையை உயர்த்திக் கூட்டத்தை அடக்கினான். "ஒரு மனுஷன் செத்திருக்கான். நான் சந்தோஷப்பட்டுட்டேன். ஜோப்பு என்னை மன்னிக்கணும்" என்றான். ஜோப்புக்காக எல்லோரும் தலை குனிந்து நின்றோம். அதற்குப் பிறகும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தப் பனியில் நின்று, கேட்டவனுக்கெல்லாம் பதில் சொன்னான். உயிர் திரும்பி வந்தவனின் உற்சாகம் அவனுக்கு. யாருக்கும் அவனை நிறுத்தத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து நான் நேராக அப்பாவிடம் ஓடினேன். அவர் நாற்காலியில் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"மணி அடிச்சுதே, பயந்துட்டானா?"

"இல்லப்பா. கல்லு மாதிரி நின்னான்."

"பொய் சொல்லாதே. நான் பயந்துட்டேன். அங்கே நின்னு எண்ணுவானேன்னு. இதோ இருக்கேன்டான்னு ஜன்னலைத் திறந்து கத்தலாம்னு பார்த்தேன், இந்தக் காட்ச் விடல."

எவரார்ட் உள்ளே வரவில்லை. சொட்டச் சொட்ட நனைந்தபடி நடையில் நின்றே பேசினான். "ஈரத்தோட வந்தா அவருக்குக் குளிர் பட்டுடும். டாக்டர், நாடி எப்படி?"

"அவர் நாடி குதிரை மாதிரி ஓடுது. சளியும் இறங்கிடுச்சு. நீங்க போய்த் துணியை மாத்துங்க, பல்லு கிட்டிக்குது."

"என்னை விடுங்க. நாளைக்கு ஓட்டு. அவரை விட்டு நகராதீங்க."

மறுநாள் திறந்த வண்டியில் ஊரைச் சுற்றினான். வாக்குகள் ஒவ்வொன்றாக உரக்கச் சொல்லப்பட்டன. மாலையில் ஜெயித்துவிட்டான் என்று பிளென்கின் வந்து கூவினான். தம்பிக்குக் கூவக் குரல் இல்லை. அப்பாவின் கதவருகே நின்று காற்றாக ஏதோ சொன்னான். உள்ளேயிருந்து அப்பா, "என்னடா, ஜெயிச்சவன் திருடன் மாதிரி பேசறே!" என்று சிரித்தார். தம்பியும் சிரிக்கப் பார்த்தான்; இருமல்தான் வந்தது. அதை அப்பா கேட்டுவிடக்கூடாது என்று கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு நடையின் கோடிக்கு ஓடினான்.

மறுநாள் லண்டன் கிளம்புகிறேன் என்று எழுந்தவன் காலணியை மாட்டக் குனிந்தான், அப்படியே விழுந்தான். இரண்டு நுரையீரலிலும் பிடித்துவிட்டது என்றார் டாக்டர் ஸ்க்ரோப். அப்பாவுக்காகக் கொண்டுவந்த மருந்துப் பெட்டி நடையின் ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்குப் போனது.

அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தோம். தம்பி லண்டன் போய்விட்டான் என்றேன். மூன்று நாளைக்கு அது ஓடியது. ஒரு நாள் காலையில் கஞ்சியோடு போனபோது அப்பா கையை நீட்டினார். கிண்ணத்துக்காக இல்லை. மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார்.

"ஏம்மா, நேத்திலிருந்து யாரும் நாடி பார்க்க வரலையே?"

"உங்களுக்குத்தான் சரியாயிடுச்சேப்பா."

"சரியாப் போனவனுக்கு மூணு வேளை பார்த்த டாக்டர் இன்னும் ஊருக்குப் போகல. அவர் குரல் நடையில கேக்குது. நீங்க எல்லாரும் இன்னும் செருப்பில்லாமத்தான் நடக்கறீங்க." என் முகத்தைப் பார்த்தார். "யாருக்குடி?"

அவர் எழுந்தார். காட்ச் ஓடிவந்து பிடித்தான். வருஷக்கணக்கில் அறையைத் தாண்டாத கால்கள் அந்தக் குளிர்ந்த நடையில் சுவரைத் தடவிக்கொண்டு போயின. நடுவில் ஒரு திறந்த ஜன்னல். என் கை பழக்கத்தில் அதை மூடப் போயிற்று. "விடு" என்றார்.

எவரார்ட் கண்ணை மூடிக் கிடந்தான். மூச்சு அறைக்கு வெளியிலேயே கேட்டது. அப்பா படுக்கையோரம் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்ததும் கண் திறந்தது. முதலில் வந்தது பயம்தான். அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது.

"அப்பா... நீங்க ஏன் எழுந்து வந்தீங்க? நடையில குளிரு..."

"எனக்கு ஒண்ணும் ஆகாதுடா."

"போய்ப் படுங்க. அக்கா, கூட்டிட்டுப் போ. நான் இன்னும் சபையில உட்காரவே இல்ல. சட்டம்... இப்போ உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா..."

"ஆகாது. நான் சாக மாட்டேன்டா. சத்தியம் பண்றேன், இதோ." அவன் உள்ளங்கையில் தன் கையை வைத்து அடித்தார், சந்தையில் மாடு விற்கிறவர்கள் பேரம் முடிக்கிற மாதிரி.

அது போதுமென்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். முகம் தெளிந்தது. பத்து வருஷத்தில் முதல் தடவையாக அப்பாவைப் பற்றிப் பயமில்லாமல் என் தம்பி தூங்கினான். மறுநாள் முற்பகலில், விழிக்காமலே போனான்.

அப்பா அழவில்லை. தன் அறைக்குத் திரும்பவும் இல்லை. நடையின் அந்தத் திறந்த ஜன்னலருகே நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தார். நான் போர்வை கொண்டுபோனேன். வாங்கிக் கீழே போட்டார்.

"செலினா, சளி பிடிச்சப்பவே நான் போயிருக்கணும்."

"என்ன பேச்சுப்பா இது?"

"யோசிச்சுப் பாரு. நான் அன்னைக்கே போயிருந்தா அவன் பிரபு. பிரபுவுக்குத் தேர்தல் ஏது, மேடை ஏது? என்னைத் திட்டிக்கிட்டு இந்நேரம் மேல்சபையில கணப்புப் பக்கத்துல தொப்பியைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்பான். என்னை மாதிரி. எண்பது வயசு வரைக்கும் திட்டியிருப்பான்." போர்வையைக் காலால் தள்ளினார். "எங்கப்பன் எனக்குப் பண்ணினதை நான் அவனுக்குப் பண்ணக் கூடாதுன்னு இருந்தேன். பண்ணியிருக்கணும்டி."

அவர் போட்ட கணக்கு சரியாகத்தான் இருந்தது. நாங்கள் அவருக்கு ஊற்றிய ஒவ்வொரு கிண்ணக் கஞ்சியும், அடைத்த ஒவ்வொரு ஜன்னலும் தம்பியை அந்த மேடைக்கு நடத்திக்கொண்டு போயிருக்கிறது.

அப்போது தேவாலயத்து மணி தொடங்கியது. ஒன்பது அடி. நிறுத்தம். பிறகு வயது.

அப்பா எண்ணத் தொடங்கினார். நாற்காலிக் கையில் விரலால் தட்டித் தட்டி, உரக்க. ஊரிலும் எல்லோரும் எண்ணிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் இந்த முறை யாருக்காக எண்ணத் தொடங்கினார்கள் என்று எனக்குத் தெரியும். பெரிய பிரபுவுக்காக. நாற்பத்திரண்டு. நாற்பத்துமூன்று. நாற்பத்துநாலு.

மணி நின்றது.

அப்பா நிற்கவில்லை. "நாற்பத்தஞ்சு" என்றார். "நாற்பத்தாறு." நான் அவர் கையைப் பிடித்தேன். "போதும்ப்பா. நின்னுடுச்சு." அவர் என் கையை விலக்கிவிட்டு, அந்தப் பழைய விரலால் கட்டையைத் தட்டிக்கொண்டு, ஒன்றையும் விடாமல் எண்பத்தொன்று வரை எண்ணி முடித்தார். பிறகு கஞ்சியைக் கொண்டுவரச் சொன்னார். சத்தியம் செய்திருக்கிறாரே.